மிளகுக்கு ஒரு பங்காளி

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் தம்பி திருநெல்வேலிக்காரர். கணினி வேலையாக ஃபிஜித் தீவுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு நாக்பூர் திரும்பியவர், எனக்கென்று ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே சுக்குப்பொடி நிறத்தில் தூள். "அண்ணாச்சி, இது கவா. தண்ணியில கரைச்சுக் குடிச்சா நல்லா தூக்கம் வரும்" என்றார். மாற்றலாகி இங்கே வந்த நாளிலிருந்து நான் தூக்க மாத்திரை போடுகிறவன் என்று அவருக்குத் தெரியும். நல்ல மனசு. ஆனால் வங்கிக்காரன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டான் இல்லையா? பத்து நாள் தேடிப் படித்தேன். உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

கவாவின் தாவரவியல் பெயர் பைப்பர் மெதிஸ்டிகம். நம் மிளகு பைப்பர் நைக்ரம், வெற்றிலை பைப்பர் பீட்டல். ஆக, மூன்றும் பங்காளிகள்! கேப்டன் குக்கின் இரண்டாவது கடற்பயணத்தில் (1772-75) கூடப்போன ஜார்ஜ் ஃபார்ஸ்டர் வைத்த பெயர் அது. 'போதை தரும் மிளகு' என்று அர்த்தம். ஆனால் இது சாராயம் இல்லை. புளிக்க வைப்பதும் இல்லை. வேலை செய்வது வேரில் இருக்கும் கவாலாக்டோன் என்ற பொருட்கள்.

பிறந்த இடம் பசிபிக் கடலில் உள்ள வனுவாட்டு தீவுகள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இந்தச் செடிக்கு முளைக்கிற விதை கிடையாது. வெற்றிலைக் கொடி மாதிரி தண்டை வெட்டித்தான் நடவேண்டும். அப்படியென்றால் டோங்கா, சமோவா, ஹவாய் என்று அது போய்ச் சேர்ந்த ஒவ்வொரு தீவுக்கும் யாரோ ஒருவர் படகில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார். ஊரை விட்டுக் கிளம்பும்போது கையோடு எடுத்துப்போன செடி.

ஃபிஜியில் இதற்கு யங்கோனா என்று பெயர். வேரைக் காயவைத்து, இடித்து, துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து பிழிவார்கள். தானோவா என்ற மரக்கிண்ணத்தைச் சுற்றி எல்லோரும் தரையில் உட்கார, தேங்காய்ச் சிரட்டையில் ஒவ்வொருவருக்கும் வரும். ஒரு தட்டு கைதட்டி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று தட்டு தட்டவேண்டும். வேற்றூர்க்காரர் கிராமத்துக்குள் வந்தால் முதலில் தலைவர் முன்னால் கவா வேரை வைப்பதுதான் மரியாதை. நம் ஊரில் வெற்றிலை பாக்கு வைப்பது போல.

நம் ஆட்கள் இதில் எங்கே வந்தார்கள்? 1879இல் 'லியோனிடாஸ்' கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஃபிஜியில் இறக்கியது. 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. 1916 வரை போனவர்கள் 60,000க்கும் மேல். அதில் ஏறக்குறைய கால்பங்கு தென்னிந்தியர்கள். பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்று பாடினாரே, அதே தோட்டங்கள். ஒப்பந்தங்கள் ஒழிந்தது 1920இல். சாமியையும் திருவிழாவையும் கொண்டுபோனவர்கள், அங்கிருந்து எடுத்துக்கொண்டது இந்தக் கிண்ணத்தை. இன்றும் ஃபிஜி இந்தியர் வீட்டில் கல்யாணம் என்றாலும் துக்கம் என்றாலும் ராத்திரி 'கிராக்' உண்டு. கவாவுக்கு அங்கே அதுதான் பேச்சுவழக்குப் பெயர்.

இனிமேல்தான் விவகாரம். 1990களில் ஐரோப்பாவில் கவா மாத்திரையானது. பதற்றத்துக்கு மூலிகை மருந்து என்று ஜெர்மனியில் நன்றாக விற்றது. பிறகு கல்லீரல் கெட்டவர்கள் பற்றிய தகவல்கள் வந்தன. சிலர் இறந்தும் போனார்கள். 2002இல் ஜெர்மனி அனுமதியை ரத்து செய்தது. 2003இல் பிரிட்டன் விற்பனையைத் தடுத்தது. அடி விழுந்தது தீவுகளின் விவசாயிகளுக்கு. 2014இல் ஜெர்மன் நீதிமன்றம் அந்த ரத்தைச் செல்லாது என்றது. 2019இல் மறுபடியும் ரத்து.

தீவுக்காரர்கள் குடித்தது தண்ணீரில் பிழிந்த வேர். மாத்திரையில் போனது ஆல்கஹால், அசிட்டோன் ஊற்றிப் பிரித்த சாறு. சிலவற்றில் தண்டும் தோலும், தாழ்ந்த ரகமும் சேர்ந்திருக்கலாம் என்றும் சந்தேகித்தார்கள். எது காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. வனுவாட்டில் தினசரிக்கு 'நோபிள்' என்ற உயர்ந்த ரகம்தான். 'டூ டே' என்று ஒரு ரகம் உண்டு. குடித்தால் இரண்டு நாள் தலை கனக்குமாம். வனுவாட்டு 2002இல் சட்டம் போட்டு ஏற்றுமதியை ஒழுங்குபடுத்தியது. நகைக்கடன் கொடுக்கிற எங்களுக்கு இது புதிதல்ல. பார்க்க எல்லாம் மஞ்சள்தான். உரசினால்தான் காரட் தெரியும்.

குடித்தால் என்ன ஆகும்? நாக்கு மரத்துப்போகும். உடம்பு தளரும், மனசு அமைதியாகும். அதிகமானால் தூக்கமும் தள்ளாட்டமும் வரும், வண்டி ஓட்டக்கூடாது. தினமும் அளவுமீறிக் குடிப்பவர்களுக்குத் தோல் செதில் செதிலாக உரியும், உடம்பு இளைக்கும்.

மது, தூக்க மாத்திரை, மனநோய் அல்லது வலிப்பு மருந்து, பாராசிட்டமால் இவற்றோடு சேர்க்கவே கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் தொடவேண்டாம். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடவேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் 'இயற்கை மருந்து' என்று வாங்கி அனுப்பும் டப்பாக்களிலும் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு படித்தும் ஒருநாள் கொஞ்சமாகக் கரைத்துப் பார்க்கலாமே என்று சபலம் வந்தது. வீட்டம்மாதான், "உங்க மாத்திரையோட இது ஒத்துக்குமான்னு டாக்டரைக் கேட்டீங்களா?" என்றார். கேட்டேன். எனக்குக் கல்லீரலில் கொழுப்பு வேறு இருக்கிறது. மருத்துவர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார்.

பொட்டலத்தைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் வருத்தப்படவில்லை. "அங்க யாரும் தனியா குடிக்க மாட்டாங்க அண்ணாச்சி, கதை பேசத்தான் குடிப்பாங்க" என்றார். இப்போது சனிக்கிழமை ராத்திரி அவரும் இன்னும் இரண்டு நம்மூர்க்காரர்களும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். சுக்குக் காப்பிதான். அன்றைக்கு மட்டும் மாத்திரை இல்லாமலே கொஞ்சம் தூக்கம் வருகிறது.