ஆம்ப் முன்னால் இரண்டு மைக்

ஷூர் எஸ்எம்57 மைக் அமெரிக்காவில் சுமார் 100 டாலருக்குக் கிடைக்கிறது. ராயர் ஆர்-121 வாங்க அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் எடுத்து வைக்க வேண்டும். ஆனாலும் எலக்ட்ரிக் கிதார் பதிவென்றால் பல ஸ்டுடியோக்களில் ஒரே ஆம்ப் முன்னால் இரண்டையும் சேர்த்து நிறுத்தியிருப்பார்கள். விலை இவ்வளவு விலகியிருந்தும் இவை பக்கத்துப் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் ஸ்பீக்கரில் இருக்கிறது. கிதார் ஆம்பில் இருக்கும் 12 அங்குலக் காகிதக் கூம்பு, 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மளமளவென்று ஓய்ந்துவிடும். பாட்டுக்கும் வயலினுக்கும் தேடுகிற நுண்ணிய மைக் இங்கே அவசியமில்லை. இந்த இரண்டுமே 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அது போதும்.

57 வந்தது 1965-இல். பெயரிலுள்ள எஸ்எம் ‘ஸ்டுடியோ மைக்ரோஃபோன்’ என்பதன் சுருக்கம். மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், சுற்றிலும் காந்தம்: டைனமிக் வகையின் எளிய அமைப்பு. கீழே விழுந்தாலும் துடைத்துவிட்டு மாட்டலாம். அமெரிக்க அதிபரின் பேச்சு மேடையில் 1960-களிலிருந்து நிற்பதும் இதுதான்.

இதன் காது நடுநிலையானது அல்ல. 5,000, 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். ஸ்பீக்கர் இறங்கத் தொடங்கும் இடமும் ஏறக்குறைய அதுவே என்பதால், அந்தக் கோணல் கிதாருக்கு லாபமாகிறது. டிரம்ஸும் பேஸும் பாட்டும் நெருக்கும் மிக்ஸில் கிதார் முண்டியடித்து முன்னே வந்துவிடும். தொல்லையும் அதே இடத்தில்தான். டிஸ்டார்ஷன் ஏற்றிய ஆம்பின் இரைச்சலையும் அது சேர்த்தே தூக்கும். ஸ்பீக்கரின் நடுக்குமிழுக்கு நேரே வைத்தால் காதைக் கிழிக்கும்; கூம்பின் விளிம்புக்கு நகர்த்தினால் மந்தமாகும். ஓர் அங்குலம் தள்ளினாலே வேறு ஆம்ப் போலத் தோன்றும். 57-ஐக் குறை சொல்பவர்களில் பாதிப் பேர் அதை நகர்த்திப் பார்க்காதவர்கள் என்பது என் சந்தேகம்.

ஆர்-121 கலிபோர்னியாவின் பர்பாங்கில் டேவிட் ராயர் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு, 1998-இல் வந்தது. இது ரிப்பன் வகை மைக்; அந்தத் தொழில்நுட்பம் இதற்கு வெகு முந்தையது. 1930-களில் ஆர்சிஏ செய்த ரிப்பன்கள் வானொலி நிலையங்களை ஆண்டன. ஆனால் அவை பெரியவை, கனமானவை, அலறும் ஆம்ப் முன்னால் நிறுத்தத் தயங்க வைப்பவை. ராயரின் மைக் கால் கிலோதான்; 135 டெசிபல் வரை தாங்கும். உள்ளே காந்தங்களுக்கிடையே 2.5 மைக்ரான் தடிமனுள்ள அலுமினிய நாடா தொங்குகிறது. சவ்வும் அதுவே, சுருளும் அதுவே.

57 தூக்கும் இடத்தில் இது எதையும் தூக்காது. அதனால் இரைச்சலின் முனை மழுங்கி, கிதாரின் கீழ் நடுப்பகுதி சதைப்பற்றோடு கேட்கும். ஆம்ப் அறையில் நின்று கேட்டது போலவே இருக்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வார்கள். அந்தப் புகழ்ச்சியை அப்படியே நம்பக்கூடாது. அறையில் இனித்தது மிக்ஸில் புதைந்துபோகலாம். முன்னாலும் பின்னாலும் ஒரே அளவு கேட்பது இதன் இயல்பு, பக்கவாட்டில் செவிடு. எனவே பின்சுவர் மோசமாக எதிரொலித்தால் அதுவும் பதிவில் ஏறும். நெருங்கினால் பேஸ் வீங்குவதும் 57-ஐவிட அதிகம். ஒரு சாண் தள்ளி வைப்பது நல்லது. நாடாவை நடுவில் வைக்காமல் சற்று முன்பக்கமாக வைத்திருப்பதால், அருகில் வைத்துப் பதியும்போது பின்பக்கம் கூடுதல் பளிச்சென்று ஒலிக்கும். மென்மையாக வாசிக்கும் கிதாருக்கு மைக்கைத் திருப்பி வைக்கலாம். பின்பக்கத்தில் அலை தலைகீழாகப் பதிவதால் பொலாரிட்டியையும் மாற்ற மறக்கக்கூடாது.

ஆக, 57-இல் ஒலி பிடிக்கவில்லையென்றால் ஸ்டாண்டை நகர்த்துகிறோம். ஆர்-121-இல் ஆம்பின் டிரெபிளைத் திருகுகிறோம். வாசிப்பவர் தன் ஆம்பை அறிந்தவராக இருந்தால் ரிப்பன் அவருக்கு உண்மையாக இருக்கும். ஆம்பே சுமாரென்றால் அந்த உண்மையால் என்ன பயன்?

இரண்டையும் சேர்க்கும்போது கண் வைக்கவேண்டியது தூரத்தில். ஒன்றைவிட மற்றொன்று 5 செ.மீ. பின்னால் இருந்தால், 3,400 ஹெர்ட்ஸ் அருகில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கிதாரின் கடி இருப்பதே அங்கேதான். ஒன்றின் பொலாரிட்டியைத் திருப்பிவிட்டு, ஒலி எங்கே மிகவும் ஒல்லியாகிறதோ அங்கே மைக்கை நிறுத்தி, மறுபடி திருப்பினால் சரியாக உட்காரும். தூக்கல் 57-இலிருந்தும் சதை ரிப்பனிலிருந்தும் வருவதால் ஈக்யூவைத் தொடும் வேலை குறையும்.

பராமரிப்பில் ரிப்பன் செல்லப்பிள்ளை. நாடாமேல் ஊதக்கூடாது. பழுதான கேபிளில் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் பாய்ந்தால் நாடா கெடலாம்.

வீட்டில் ஒரே மைக் வாங்குகிறவருக்கு 57 போதும். ஹெவி மெட்டல் ரிதம் பதிபவர் இரண்டாவதாகவும் 57-ஐயே வாங்கி, ஒன்றை நேராகவும் மற்றொன்றைச் சாய்த்தும் வைக்கலாம். ப்ளூஸ், ஜாஸ், தனித்து நிற்கும் சோலோ என்றால், நல்ல ஆம்பும் அடக்கமான அறையும் அமைந்த பிறகு ரிப்பனுக்குப் பணம் சேர்க்கலாம்.