இனிஷலுக்குள் இருக்கிற ஆக்கள்: முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பேர் வைத்த கதை

முஸ்லிம் வீடொன்றில் பிள்ளை பிறந்தால் ஏழாம் நாளுக்குள் ஒரு பெரிய வேலைப் பட்டியலே இருக்கும். பிறந்த கையோடு வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்லியாச்சு. இனி ஏழாம் நாள் தலைமுடி இறக்க வேணும், முடியின் நிறைக்கு வெள்ளியோ அதன் பெறுமதியோ சதகா கொடுக்க வேணும். வசதியிருந்தால் அகீகா: ஆண் பிள்ளைக்கு 2 ஆடு, பெண் பிள்ளைக்கு 1. ஆடு எங்கே வாங்குறது, இறைச்சியைப் பங்கிடுறதா சமைச்சுக் கொடுக்கிறதா என்பதற்கெல்லாம் எப்படியோ முடிவு வந்துவிடும். கடைசிவரை இழுபடுவது பேர்தான்.

இப்போது அந்தத் தேடல் பெரும்பாலும் ஃபோனில் நடக்கிறது. அரபியில் நல்ல கருத்து இருக்க வேணும், பக்கத்து வீட்டில் அந்தப் பேர் இருக்கக் கூடாது. சரி. ஆனால் இதே ஊர்களில் நூறு வருஷத்துக்கு முதல் என்ன பேர் வைத்தார்கள்? அந்தப் பேர்கள் எங்கே போயின?

பழைய காணி உறுதி ஒன்றை விரித்துப் பாருங்கள். அகமதுலெப்பை, உதுமாலெப்பை, மீராசாகிபு, ஆதம்பாவா, அலியார், ஆசியா உம்மா, கதீசா நாச்சியா என்று வரும். அலியார் என்பது அலி என்ற அரபுப் பேரோடு தமிழின் மரியாதை 'ஆர்' ஒட்டியது. நாச்சியா எங்கட நாச்சியார்தான். லெப்பை என்றால் மார்க்கம் படித்து ஓதிக் கொடுத்தவர். மரைக்கார் என்பது கரையோர வணிகக் குடும்பங்களின் பட்டம். கிழக்கில் பள்ளிவாசல் நிருவாகம் பார்த்தவர்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். சாகுல் ஹமீது, மீராசாகிபு என்ற பேர்களுக்குப் பின்னால் நாகூரில் அடங்கியிருக்கும் பெரியார் நிற்கிறார். அவர் நினைவாகத்தான் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் கொடியேறுகிறது. முகைதீன், காதர் என்றால் பக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி. ஒரு பேருக்குள் அரபு நாடும் பக்தாதும் நாகூரும் சொந்த ஊரும் சண்டை பிடிக்காமல் இருந்தன.

சண்டை வெளியில் இருந்து வந்தது. பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் சட்டசபையில் பேசி, 1888இல் கட்டுரையாகவும் வெளியிட்டார். மொழி, வரலாறு, வழக்கங்கள், உடல் தோற்றம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்பது அவர் வாதம். முஸ்லிம்களுக்குச் சட்டசபையில் தனி ஆசனம் கொடுக்கலாமா என்ற பேச்சு நடந்த காலம் அது. அதனால் இது வெறும் ஆராய்ச்சி இல்லை என்று முஸ்லிம்களுக்கு விளங்கியது. 1889இல் அந்த ஆசனம் கிடைத்தது. ஆனாலும் காயம் ஆறவில்லை. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதி, சோனகரின் அரபு வம்சத்தை எடுத்துக் காட்டினார்.

அவருடைய இனிஷலை விரித்துப் பாருங்கள்: இத்ரூஸ் லெப்பை மரைக்கார். அரபு வேரை நிறுவ எழுதிய மனிதரின் முன்னெழுத்திலேயே பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் வழங்கிய பட்டங்கள் இரண்டு இருக்கின்றன. இதை அவரை மடக்கும் ஆதாரமாக நாங்கள் சொல்லவில்லை. இராமநாதன் பேரின் ஒரு பாதியை மட்டும் வாசித்தார். அதற்குப் பதில் சொல்ல வந்தவர் மற்றப் பாதியைப் பலமாக வாசிக்க வேண்டி வந்தது. முழுப் பேரையும் வாசிக்க இருவருக்கும் அன்றைய அரசியல் இடம் விடவில்லை.

பேர் சொல்லாத கதையும் உண்டு. கிழக்கில் பிள்ளையின் இனிஷல் வாப்பாவிடமிருந்து வரும். குடி உம்மாவிடமிருந்து வரும். தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டுக்கும் பொதுவான தாய்வழிக் குடி முறை இது. ஆனால் குடிக்கு அடையாள அட்டையில் இடமில்லை. பதிவுக் கடதாசி வாப்பாவின் வழியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது.

பிறகு மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தலைமுறை வந்தது, மார்க்கச் சீர்திருத்தம் வந்தது. லெப்பையும் பாவாவும் 'பழைய ஆக்கள்ட பேர்' ஆகிவிட்டன. பெண் பேரின் வாலில் இருந்த உம்மா போய், பாத்திமா முன்னுக்கு வந்து ஓர் எழுத்தாகச் சுருங்கியது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பேர் வைப்பது பெற்றவர்களின் உரிமை. எந்தக் காலத்திலும் பேர் மாறித்தான் வந்திருக்கிறது.

எங்கட கவலை வேறு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீட்டோடு உறுதிகளையும் கடதாசிகளையும் இழந்தவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு வயதானவர்களின் வாயில் இருக்கும் பேர்தான் மிச்சமான ஆவணம். 'நீங்கள் எல்லாம் தமிழர்தானே' என்று ஒரு பக்கம், 'உங்களுக்கு இங்கே வேரில்லை' என்று மறுபக்கம் இன்னும் சொல்லப்படும் நாட்டில், அந்தப் பேர்கள் இரண்டுக்குமே பதில். அவற்றை நாங்களே தொலைத்துவிட்டுப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே அடுத்த பேர் வைப்புக்குத் திட்டமிடும் வீடுகளுக்கு எங்கட யோசனை சின்னது. பிள்ளைக்கு விரும்பின பேரை வையுங்கள். பிறப்புப் பதிவுக்குப் போக முதல் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொன்றாக வந்தால் பரீட்சைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அலைய வேண்டி வரும். முடி இறக்கும் அன்று மூத்தம்மாவைப் பக்கத்தில் இருத்தி, உம்மா வழியிலும் வாப்பா வழியிலும் தெரிந்த பேர்களை எல்லாம் இனிஷல் சுருக்காமல் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். என்ன குடி என்பதையும் கேளுங்கள். ஆடு அறுக்க வசதியில்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு பேனை போதும்.