கடையா, வீடா?



சம்பளம் போட்ட மறுநாள் பட்டணத்துக்குப் போய் அரிசி, பருப்பு வாங்கி வருகிறோம். கீழே மளிகைக்கடை, மாடியில் கடைக்காரர் குடும்பம். அந்தக் கட்டடம் கடையா, வீடா? நம் மக்கள் 'கடைவீடு' என்று ஒரே சொல்லில் தீர்த்துவிட்டார்கள். சட்டத்துக்கோ அந்தக் கேள்விக்கு விடை காண நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தொடக்கத்தில் சட்டம் பார்த்தது சுவரையும் கூரையையும்தான். 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது, ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் ஒரு கட்டளை இட்டார். கடைத்தெரு வீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமையவேண்டும். ஒவ்வொன்றின் முன்னும் கூரை போட்ட நடைபாதை, அடுத்த வீட்டு நடைபாதையோடு தொடர்ந்து, திறந்தே இருக்கவேண்டும். நாம் 'அஞ்சடி' என்று சொல்வது அதைத்தான். மழையில் நனையாமல் தெருக்கோடி வரை நடக்கிறோமே, அது அன்று போட்ட விதியின் பயன்.

கோலாலம்பூரில் அந்தப் பாடத்தை நெருப்பு கற்பித்தது. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாய் நெருங்கிக் கிடந்த ஊர் 1881ஆம் ஆண்டு தொடக்கத்தில் எரிந்து போயிற்று. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்தது. 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு ஊரைத் திரும்பக் கட்டச் செய்தார். அந்தச் செங்கல்லைச் சுட்ட இடங்களுள் ஒன்றுதான் பிரிக்ஃபீல்ட்ஸ். பெயரே சொல்கிறது.

நெருப்பு அடங்கியது, நோய் அடங்கவில்லை. சிங்கப்பூரின் கடைவீடுகளை ஆராய்ந்து 1907இல் அறிக்கை தந்த டாக்டர் சிம்ப்சன், முன்பக்கம் குறுகியும் உள்பக்கம் நீண்டும் கிடந்த அந்த வீடுகளில், காற்றும் வெளிச்சமும் புகாத தடுப்பறைகளில் மக்கள் அடைந்து கிடந்ததை எழுதினார். வீடுகளுக்குப் பின்னால் சந்து விடவேண்டும் என்பது அவர் யோசனை. கட்டடம் எதனால் ஆனது என்பது மட்டும் போதாது, அதற்குள் யார், எப்படி இருக்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வளர்ந்தது.

சரி, பயனைப் பார்த்து வகை பிரிப்பது எப்படி? பிரிட்டன் 1965ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் எட்டு வகைகளை வகுத்தது. மலேசியாவின் 1984ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளும் அதே வழியில் சென்றன. சிறு குடியிருப்பு, மருத்துவமனை போன்ற நிலையம், பிற குடியிருப்பு, அலுவலகம், கடை, தொழிற்சாலை, மக்கள் கூடுமிடம், கிடங்கு என்பவை அந்த எட்டு. ஒரு பகுதி ஒன்றுக்கு மேற்பட்ட காரியத்துக்குப் பயன்பட்டால், முதன்மையான பயன் எதுவோ அதுவே அதன் வகை. கடைக்குள் கணக்குப்பிள்ளைக்கு ஒரு மேசை போட்டால் அது அலுவலகமாகிவிடாது. ஆனால் கீழே கடை, மேலே குடும்பம் என்று பயன் பிரிந்தால், இரண்டுக்கும் இடையில் உள்ள தளம் நெருப்பைக் குறிப்பிட்ட நேரம் தடுத்து நிறுத்தக்கூடியதாக இருக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வகை.

இதில்தான் உயிர் இருக்கிறது, நேயர்களே. பழைய கடைவீட்டில் தளம் பலகை, படிக்கட்டும் மரம், கீழே மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சாக்கு. நள்ளிரவில் கீழே பற்றினால் மேலே உறங்குகிறவர்கள் எந்த வழியாக இறங்குவார்கள்? தோட்டம் துண்டாடப்பட்டபோது பட்டணம் போன நம்மவர் பலர் வாடகைக்கு எடுத்தது இத்தகைய மாடி அறைகளைத்தான். விதி வகுத்தவர்கள் அவர்களை நினைத்தார்களோ இல்லையோ, அந்த விதி காப்பது அவர்களைத்தான்.

பாரத்துக்கும் இதே கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு, வீட்டுத் தளம் ஏறத்தாழ 150 கிலோ தாங்கினால் போதும். கடைத் தளம் 400 கிலோ தாங்கவேண்டும். கிடங்கு என்றால் அடுக்கும் உயரத்தில் மீட்டருக்கு 240 கிலோ வீதம் கூடிக்கொண்டே போகும். 50 கிலோ அரிசி மூட்டை மூன்றை ஒரு சதுர மீட்டரில் வைத்தாலே வீட்டுத் தளத்தின் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆளிருந்த மாடியில் மூட்டை அடுக்கலாமா என்பது கடைக்காரர் தாமே முடிவு செய்யும் விஷயமல்ல.

பயனுக்குத் தக்க கணக்குப் போட்டாலும் போதாது என்பதை 1986 மார்ச் 15 காட்டியது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று. கீழே வங்கி, அதன்மேல் இரவு விடுதி, மேல் மாடிகளில் நியூ வேர்ல்ட் ஹோட்டல். பலபயன் கட்டடத்துக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். அன்று முற்பகல் அது ஒரு நிமிடத்துக்குள் சரிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர்; 17 பேர் இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டனர். விசாரணையில் தெரியவந்தது என்ன? ஆட்களும் பொருள்களும் தரும் பாரத்தைக் கணக்கிட்டவர், கட்டடத்தின் சொந்தப் பாரத்தைச் சேர்க்கவில்லை. சுமைதாங்கிக்குத் தன் எடையே சுமை என்பது மறந்துபோயிற்று. 1971இல் எழுந்த அந்தக் கட்டடம் பதினைந்து ஆண்டுகள் நின்றதுதான் வியப்பு.

சிங்கப்பூர் 1989இல் புதிய கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அவரோடு தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திடவேண்டும் என்பது அதனோடு வந்த ஏற்பாடு.