கரிசல் காட்டில் பதிவிசை: கிராமபோன் முதல் ஸ்ட்ரீமர் வரை

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பெரும்பாலும் மழையை நம்பிய மானாவாரி நிலம். திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். அருப்புக்கோட்டை நெசவுக்கும் மல்லிகைக்கும் பெயர் பெற்றது. பூமிநாதர் கோயில் உள்ள திருச்சுழி, 1879-இல் ரமண மகரிஷி பிறந்த ஊர். 1985 வரை இப்பகுதி பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது.

இணையம் வழியாகப் பாடலை வாங்கி, வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் ஸ்ட்ரீமர் என்ற கருவி இப்போது சிறு நகரங்களுக்கும் வருகிறது. இக்கருவிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் பிட் எண்ணிக்கையையும் ஹெர்ட்ஸ் கணக்கையும் அட்டவணையிட்டுப் பார்க்கின்றனர். கரிசல் காட்டில் பதிவிசை கேட்கப்பட்ட வரலாறு வேறு நான்கு கேள்விகளை முன்வைக்கிறது. கருவிக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? அதை யார் யார் கேட்பார்கள்? பழுதானால் யார் சரிசெய்வார்? பாட்டு யார் கையில் இருக்கும்? ஒவ்வொரு கருவியும் வந்ததும் போனதும் இந்த நான்கையும் பொறுத்தே நடந்தது.

சாவி கொடுத்த பெட்டி

இந்தியாவில் வணிக நோக்கிலான முதல் ஒலிப்பதிவுகள் 1902-இல் கல்கத்தாவில் நடந்தன. சில ஆண்டுகளில் அங்கேயே தட்டுகளை அச்சிடும் ஆலையும் வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு அடங்கியது. ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். தட்டு கீழே விழுந்தால் உடையும்.

ஆனால் கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை. சாவி கொடுத்தால் சுருள்வில் தட்டைச் சுழற்றும். மின்கம்பி வராத மானாவாரிக் கிராமத்திலும் அது பாடியதற்குக் காரணம் இதுவே. காரைக்குடியில் தந்தையின் கடையில் தட்டு விற்ற ஏ.வி. மெய்யப்பன், 1930களின் தொடக்கத்தில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஓடியன் நிறுவனத்துடன் இணைந்து தட்டுகளை வெளியிட்டார். எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நாடகப் பாடல்கள் தட்டுகளாகப் பரவின. மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) எழுதிய தேச விடுதலைப் பாடல்கள் மேடையில் பாடப்பட்டதோடு தட்டிலும் பதிவாயின. நாடகம் ஊருக்கு வரும் நாளில் மட்டும் கேட்ட பாட்டை, பெட்டி வைத்திருந்தவர் நினைத்தபோது கேட்க முடிந்தது. அவரவர் வீட்டுத் திண்ணையில் கூடியவர்களே அன்றைய கேட்போர்.

குழாயும் ரேடியோ செட்டும்

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தென்மாவட்ட நகரங்களும் ஆலைகளும் முதலில் பயன் பெற்றன. கிராமங்களுக்கு மின்சாரம் சேர்வது 1950களிலும் 1960களிலும்தான் வேகமெடுத்தது. அந்த இடைவெளியை நிரப்பியது ‘ரேடியோ செட்’ எனப்பட்ட வாடகை ஒலிபெருக்கி அமைப்பு. ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு தட்டுப் பெட்டி, ஒரு மைக், இரண்டு அலுமினியக் குழாய் ஆகியவை அதில் அடக்கம். ஆம்ப்ளிஃபையர் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் என்பதால் மாட்டுவண்டியில் ஏற்றி எந்த ஊருக்கும் கொண்டுபோக முடிந்தது. பனைமரத்திலோ மூங்கிலிலோ குழாயைக் கட்டினால் அடுத்த ஊர்வரை பாட்டு கேட்கும்.

குழாய்க்குள் உள்ள சிறு யூனிட்டில் பிறக்கும் ஒலியைக் கூம்பு படிப்படியாக வெளிக்காற்றுடன் இணைக்கிறது. சாதாரண ஸ்பீக்கர் தரும் ஒலியைவிடப் பல மடங்கு உரத்த ஒலி அதே மின்சக்தியில் கிடைக்கிறது. ஆனால் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் குழாய் தளர்ந்துவிடும். தவிலின் அடிநாதம் கேட்காது; நாதஸ்வரமும் மனிதக் குரலும் தெளிவாகக் கேட்கும். டி.எம். சௌந்தரராஜன், நாகூர் ஹனிபா போன்றோரின் உச்சஸ்தாயிக் குரல்கள் இக்கருவிக்கு மிகவும் பொருந்தின. ஹை-ஃபை கணக்கில் குழாய் குறைபாடுள்ள கருவி. மின்சாரம் அரிதான, வீடுகள் தூரத்தில் சிதறிக் கிடக்கும் நிலத்துக்கு அதைவிடச் சிறந்த கருவி அப்போது இல்லை.

கல்யாணம், காதுகுத்து, கொடை என எதுவானாலும் குழாய் பாடினால் எந்த வீட்டில் விசேஷம் என்று ஊருக்குத் தெரியும். ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் கதை வசனங்களும் கோயில் விழாக்களில் ஒலித்தன. கட்சிப் பிரச்சாரமும் குழாய் வழியாகவே நடந்தது. எம்.ஜி.ஆர். 1977-இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றே முதலமைச்சரானார். அவர் படப் பாடல்கள் அத்தேர்தல் காலத்தின் அறிவிப்புகளாகவும் இருந்தன. எல்லாருக்கும் கேட்கும் பாட்டு எல்லாருக்கும் விருப்பமானதாக இருப்பதில்லை. தென்மாவட்டங்களில் எந்தத் தெருவில் எந்தப் பாட்டு ஒலிப்பது என்பது சாதித் தகராறாக முற்றியதும் உண்டு. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடை செய்தன.

வானொலி

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் திருநெல்வேலி நிலையம் 1963-இலும் தொடங்கின. 1952-க்குப் பின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது தென்கோடித் தமிழர்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினர். 1957-இல் விவித் பாரதி தொடங்கியது அந்தக் கேட்போரை மீட்பதற்காகவே. கைத்தறியில் கையும் காலும் கண்ணும் வேலையில் இருந்தாலும் காது ஓய்வாக இருக்கும். நெசவாளர் வீடுகளில் வானொலி இடம்பிடித்ததற்கு அது வசதியாயிற்று. விசைத்தறி வந்தபின் அதன் இரைச்சலில் வானொலி அமுங்கியது. வானொலியில் பாட்டு கேட்பவர் கையில் இல்லை. நிலையத்தார் தேர்ந்ததையே கேட்க வேண்டும். நேயர் விருப்பக் கடிதம் ஒன்றே வழி.

கேசட்டும் மண்பானையும்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட், தமிழகக் கிராமங்களில் 1980களில் பெருகியது. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வந்தவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தனர். இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ 1976-இல் வெளியானது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவர் இசை ஊர் ஊராகப் பரவியதில் கேசட்டுக்குப் பெரும் பங்குண்டு. ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் சுமார் 12 பாட்டைப் பதிந்து தருவார்கள். இன்றைய ‘பிளேலிஸ்ட்’ அந்தக் காகிதத்தின் மறுவடிவமே.

டவுன் ரேடியோ மெக்கானிக் 4440 என்ற ஐ.சி. பொருத்திய சிறு ஆம்ப்ளிஃபையரைக் கையால் செய்து தந்தார். மரப்பெட்டி வாங்க முடியாதவர்கள் ஸ்பீக்கரை மண்பானை வாயில் வைத்தனர். பானைக்குள் அடைபட்ட காற்று குறிப்பிட்ட தாழ்ந்த சுருதியில் அதிர்ந்து ஒலிக்கு அடர்த்தி கூட்டியது. குழாய் தராத அடிநாதம் இப்படி வீட்டுக்குள் வந்தது. கருவியின் ஒவ்வொரு உறுப்பும் உள்ளூரில் கிடைத்தது, உள்ளூரில் பழுது பார்க்கப்பட்டது. கேசட்டில் இன்னொரு புதுமையும் இருந்தது. மக்கள் தாங்களே பதிந்துகொள்ள முடிந்தது. பாட்டியின் ஒப்பாரி, கோயில் கொடை வில்லுப்பாட்டு, ஊர் நாடகம், வெளிநாட்டுக்கு அனுப்பிய பேச்சு எனப் பலவும் அதில் பதிவாயின.

குறுந்தட்டிலிருந்து மெமரி கார்டுக்கு

1982-இல் வந்த குறுந்தட்டு ஒலியை நொடிக்கு 44,100 முறை, 16 பிட் அளவில் எண்களாக்கியது. இரு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 1,411 கிலோபிட். 1990களில் பரவிய எம்.பி.3 முறையில் 128 கிலோபிட் போதும் என்றானது. அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. ஒரே தட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் அடங்கின. பின்னர் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்தனர். மெக்கானிக்குகள் பழைய ஆம்ப்ளிஃபையரில் பென்டிரைவும் புளூடூத்தும் ஏற்கும் சிறு பலகையைப் பொருத்தினர். 2016-இல் ஜியோ வந்து இணையம் மலிந்ததும், இந்தப் பலகையே செல்போனில் ஓடும் பாட்டை வீட்டு ஸ்பீக்கருக்குக் கொண்டுசேர்த்தது.

இதே காலத்தில் வேறொரு கருவியும் விற்றது. 2017-இல் சரிகம நிறுவனம் ஆயிரக்கணக்கான பழைய பாடல்களை முன்பே ஏற்றிய ‘காரவான்’ பெட்டியை வெளியிட்டது. பழைய வானொலிப் பெட்டியின் தோற்றமும் திருகும் குமிழும் கொண்ட அதற்கு இணையம் தேவையில்லை. கருவியின் தரத்தைவிடப் பழகிய கைப்பழக்கம் பலருக்குப் பெரிதாக இருந்தது.

ஸ்ட்ரீமர்

வீட்டு ஹை-ஃபைக்கான ஸ்ட்ரீமர் 2001-இல் ஸ்லிம் டிவைசஸ் நிறுவனத்தின் ஸ்லிம்ப்3 கருவியோடு உருப்பெற்றது. அதன் வழிவந்த ஸ்க்வீஸ்பாக்ஸ் பரவலாக விற்றது. 2005-இல் சோனோஸ் பல அறைகளுக்கான கருவியுடன் வந்தது. ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 2007-இல் உயர்விலை ஸ்ட்ரீமரை வெளியிட்டு, 2009-இல் குறுந்தட்டுக் கருவிகளை நிறுத்தியது. 2012-இல் வந்த ராஸ்பெரி பை என்ற மலிவுவிலைச் சிறு கணினியில் இலவச மென்பொருளை ஏற்றித் தாங்களே ஸ்ட்ரீமர் செய்துகொள்வோரும் உருவாயினர். ஸ்பாட்டிஃபை 2019-இல் இந்தியாவுக்கு வந்தது. ஆப்பிள் மியூசிக் 2021-இல் இழப்பில்லாத தரத்தில் பாடல்களைத் தரத் தொடங்கியது.

புளூடூத்தில் செல்போன் பாட்டை வாங்கி, மறுபடி சுருக்கி அனுப்புகிறது. அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். ஸ்ட்ரீமர் இணையத்திலிருந்து பாட்டை நேரடியாக எடுக்கிறது. செல்போன் வெறும் ரிமோட்டாக மட்டும் நிற்கிறது. 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 144 மெகாபைட் செலவாகும். இழப்பில்லாத தரத்தில் 400 மெகாபைட் அளவுக்குச் செலவாகலாம்.

ஒப்பிடும் முறை

இரண்டு ஸ்ட்ரீமர்களை ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் முதலில் சமமாக்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பது காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். அடுத்து, ஒரே பாட்டின் ஒரே பிரதியைப் பயன்படுத்த வேண்டும். பழைய தமிழ்ப் பாடல்கள் சில தேய்ந்த தட்டிலிருந்தும் சில மூல நாடாவிலிருந்தும் எண்மமாக்கப்பட்டவை. 78 சுற்றுத் தட்டில் பதிவாகாத ஒலியை 24 பிட் கோப்பு புதிதாகக் கொண்டுவர முடியாது. ஒழுங்காகச் செய்யப்பட்ட ஸ்ட்ரீமர்களுக்கு இடையிலான ஒலி வேறுபாடு, ஸ்பீக்கரும் அறையும் ஏற்படுத்தும் வேறுபாட்டைவிட மிகச் சிறியது. சிமெண்டுத் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் ஜமுக்காளம் விரித்துத் திரை தொங்கவிட்டால் கிடைக்கும் மாற்றத்தை, விலை கூடிய கருவி தருவது அரிது.

ஒலியைத் தாண்டிப் பார்த்தால் வேறுபாடுகள் பெரியவை. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-இல் வந்து 2019-இல் நிறுத்தப்பட்டது. ஸ்க்வீஸ்பாக்ஸை வாங்கிய லாஜிடெக் 2012-இல் உற்பத்தியையும் 2024-இல் இணையச் சேவையையும் நிறுத்தியது. ஆனால் அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் பயனர்கள் அதைத் தொடர்ந்து நடத்துகின்றனர். பழைய கருவிகள் இன்றும் பாடுகின்றன. 4440 ஆம்ப்ளிஃபையரை மெக்கானிக் உயிர்ப்பித்ததைப் போன்றது இது.

பாட்டு யார் கையில் என்ற கேள்விக்குச் சந்தா முறையில் விடை எளிது: கேட்பவர் கையில் இல்லை. பணம் கட்டுவதை நிறுத்தினால் பாட்டும் நிற்கும். உரிமைச் சிக்கல் வந்தால் பட்டியலிலிருந்து பாடல் மறையும். இளையராஜா பாடல்களின் உரிமை குறித்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்துள்ளன. இவ்வகையில் ஸ்ட்ரீமர் வானொலிக்கு நெருங்கியது; கேசட்டுக்கு அன்று.

அதனால் இப்பகுதி வீடுகளுக்கு ஸ்ட்ரீமரைத் தேர்வதில் முதல் அளவுகோல், வீட்டில் உள்ள கோப்புகளை இணையம் இல்லாமலே அது இயக்குமா என்பது. பரணில் கிடக்கும் கேசட்டுகளில் உள்ள ஒப்பாரியும் வில்லுப்பாட்டும் எந்தச் சந்தா நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. காந்த நாடா ஆண்டுக்கு ஆண்டு நலிகிறது. வெயிலும் தூசியும் அதை விரைவுபடுத்துகின்றன. ஓடும் நிலையில் ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு கணினியும் இருந்தால் அவற்றைக் கோப்புகளாக மாற்றி இரண்டு இடங்களில் சேமிக்கலாம். அவ்வாறு சேமித்ததைப் பாடவல்ல ஸ்ட்ரீமர் விலை குறைந்ததாயினும் இந்த ஊர்களுக்குப் பயனுள்ளது.