காணொளித் தொகுப்பில் பழைய கணினியும் புதிய கணினியும்

திரைப்படம், திருமண வீடியோ, இணையக் காணொளி ஆகியவற்றின் காட்சிகளை வெட்டி, வரிசைப்படுத்தி, ஒலியுடன் இணைக்கும் பணி படத்தொகுப்பு எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இப்பணி கணினிக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இருக்கும் கணினியே போதுமா, புதியது வாங்க வேண்டுமா என்ற கேள்வியும் அன்று முதல் கூடவே வருகிறது. கணினியின் வயதைப் பார்த்து இதற்கு விடை சொல்வதே வழக்கம். ஆனால் இத்துறையின் வரலாற்றைப் பார்த்தால், கேமராவிலிருந்து வந்த பதிவு எந்த வடிவத்தில் இருந்தது என்பதே பெரும்பாலும் விடையைத் தீர்மானித்திருக்கிறது.

பிலிமிலிருந்து கணினிக்கு

கணினிக்கு முன் சென்னையின் தொகுப்பு அறைகளில் மூவியோலா, ஸ்டீன்பெக் போன்ற இயந்திரங்கள் இருந்தன. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள் அடங்கும். நொடிக்கு 24 பிரேம்கள் ஓடும். ஆகவே 1,000 அடிச் சுருள் ஏறக்குறைய 11 நிமிடத்தில் முடிந்துவிடும். தொகுப்பாளர் பாசிட்டிவ் பிரதியைக் கையால் வெட்டி ஒட்டுவார். ஒரு காட்சியை வேறு விதமாக அடுக்கிப் பார்க்க விரும்பினால், ஒட்டியதைப் பிரித்து மறுபடியும் ஒட்ட வேண்டும்.

1989-இல் அமெரிக்காவின் அவிட் நிறுவனம் மெக்கின்டாஷ் கணினியில் இயங்கும் தொகுப்பு முறையை அறிமுகப்படுத்தியது. இதைப் பயன்படுத்துவதில் தமிழ்த் திரையுலகம் பின்தங்கவில்லை. சந்தானபாரதி இயக்கி, கமல்ஹாசன் நடித்து, 1994 பொங்கலுக்கு வெளியான 'மகாநதி', அவிட் கொண்டு தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. கணினியில் தொகுக்கப்பட்ட ஒரு படத்திற்குப் படத்தொகுப்புக்கான ஆஸ்கர் விருது முதன்முதலாகக் கிடைத்தது அதற்குப் பிறகுதான். 1996-இல் வெளியான 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' என்ற அந்தப் படத்தைத் தொகுத்தவர் வால்டர் மர்ச்.

அக்காலக் கணினிகளின் வன்தட்டு சிறியது, விலையோ மிக அதிகம். எனவே பிலிமில் இருந்த காட்சிகளைத் தரம் குறைத்தே கணினியில் ஏற்றினர். திரையில் தெரிந்த படம் மங்கலாகத்தான் இருந்தது. ஆயினும் எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவு செய்ய அது போதுமானது. முடிவான பின், பிலிமின் ஓரத்தில் உள்ள எண்களின் பட்டியலைக் கணினி தரும். அதைப் பார்த்து அசல் நெகட்டிவைக் கையாலேயே வெட்டுவார்கள். புதிய இயந்திரம் வந்த பின்பும் கத்தரிக்கோலுக்கு வேலை இருந்தது.

கல்யாண வீடியோவின் காலம்

காஞ்சிபுரம், வாலாஜாபாத், தென்னேரி போன்ற ஊர்களில் வீடியோ என்றால் முதலில் கல்யாண வீடியோதான். வி.எச்.எஸ். காலத்தில் இரண்டு வி.சி.ஆர். பெட்டிகளை இணைத்து, ஒரு கேசட்டிலிருந்து மற்றொன்றுக்குப் பதிந்தே தொகுத்தனர். ஒவ்வொரு படி எடுக்கும்போதும் படத்தின் தரம் ஒரு படி இறங்கும்.

1995-இல் மினி டிவி எனப்பட்ட சிறிய டிஜிட்டல் கேசட் வந்தது. ஃபயர்வயர் என்ற இணைப்புக் கம்பி வழியே இதன் பதிவை அப்படியே கணினிக்கு மாற்ற முடிந்தது. தரம் இறங்கும் தொல்லை ஒழிந்தது. ஒரு மணி நேரப் பதிவுக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் தேவைப்பட்டது. விண்டோஸ் 98 பயன்படுத்திய ஃபேட் 32 கோப்பு முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை வைக்க முடியாது. அதாவது 19 நிமிடத்திற்கு ஒருமுறை பதிவைத் துண்டாக்க வேண்டும். நாதஸ்வரம் கெட்டிமேளத்தை எட்டுவதற்குள் கோப்பு முடிந்துவிடும்! விண்டோஸ் எக்ஸ்பியும் அதன் என்.டி.எஃப்.எஸ். முறையும் பரவிய பிறகு இத்தடை நீங்கியது. இங்கே புதிய கணினிக்கு மாறியது சரியான முடிவுதான்.

புதிய கணினியால் தீராத குறை ஒன்றும் இருந்தது. இந்த கேசட்டில் படத்தின் வெளிச்சம் 720×576 புள்ளிகளில் பதிவாகும். நிறமோ நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அதில் பாதியளவு நுணுக்கத்தில்தான் பதிவாகும். காஞ்சிப் பட்டின் அழகே உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் கோர்வையாகச் சேரும் இடத்தில் இருக்கிறது. அரக்குச் சிவப்பு உடல் மற்றொரு நிறக் கரையைத் தொடும் அந்தக் கோட்டில்தான் வீடியோவில் நிறம் கசிந்து, படிக்கட்டுபோலத் தெரியும். கேமராவே பதியாத நிறத்தை எந்தக் கணினியும் மீட்டுத் தராது. இந்தக் குறைக்காகக் கணினியை மாற்றுவது வீண் செலவு.

சிறிய கோப்பு, பெரிய வேலை

உண்மையான நெருக்கடி எச்டி கேமராக்களுடன் வந்தது. 2006-இல் அறிமுகமான ஏவிசிஎச்டி வடிவம், எச்.264 என்ற சுருக்க முறையைப் பயன்படுத்தியது. 1920×1080 அளவுள்ள இப்படத்தில் பழைய கேசட்டைப்போல ஐந்து மடங்கு புள்ளிகள் உண்டு. ஆனால் 17 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரம் 8 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். கோப்பு சிறிதாகிவிட்டதே, பழைய கணினிக்கு இனி வேலை எளிது என்று நினைக்கத் தோன்றும். நடந்தது நேர்மாறு.

மினி டிவி கேசட்டில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனிப் புகைப்படம்போலச் சுருக்கப்படுகிறது. எந்தப் பிரேமைக் கேட்டாலும் கணினி அதை மட்டும் விரித்துக் காட்டினால் போதும். எச்.264-இல் பெரும்பாலான பிரேம்கள் முழுப் படங்கள் அல்ல. முன்னும் பின்னும் உள்ள பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பே அவற்றில் இருக்கும். நடுவில் ஒரு பிரேமைப் பார்க்க வேண்டுமானால் அது சார்ந்திருக்கும் பிரேம்களையும் கணினி கணக்கிட்டாக வேண்டும். கேசட்டை எளிதாகக் கையாண்ட பென்டியம் 4 கணினி இங்கே திணறியது.

இதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, சுருக்கத்தை விரிக்கும் வேலைக்கென்றே சில்லில் தனிப் பகுதி அமைப்பது. இன்டெல் 2011-இல் இதைத் தன் செயலிகளில் சேர்த்தது. மற்றொன்று, பதிவைத் தொகுப்பதற்கு எளிதான வடிவத்திற்கு மாற்றிக்கொள்வது. அவிட்டின் டிஎன்எக்ஸ்எச்டி, ஆப்பிள் 2007-இல் வெளியிட்ட புரோரெஸ் ஆகியவை இதற்காக வந்தவை. தரம் குறைந்த பதிலிக் கோப்பை வைத்துத் தொகுத்துவிட்டு, இறுதியில் அசலை இணைக்கும் 'பிராக்ஸி' முறையும் உண்டு. மங்கலான படத்தில் வெட்டி முடித்து நெகட்டிவுக்குத் திரும்பிய 1994-இன் உத்திதான் இது. புதிய கணினி வாங்க இயலாத மாணவர்களுக்கு இன்றும் முதலில் சொல்ல வேண்டிய வழி இதுவே. கூடவே வன்தட்டை எஸ்எஸ்டியாக மாற்றினால் பழைய கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

விலையும் நம்பத்தக்க அளவுகோல் அல்ல. எச்.265 முறையில் 10 பிட், 4:2:2 நிற அளவில் பதியும் கேமராக்கள் பரவியபோது இது தெளிவாகத் தெரிந்தது. இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் செயலிகளில் உள்ளடங்கிய வரைகலைப் பகுதியே இப்பதிவை விரித்தது. விலையுயர்ந்த என்விடியா வரைகலை அட்டைகளில் 2025-இல் வெளியான 50 வரிசையில்தான் அவ்வசதி வந்தது. கேமராவின் பதிவு வடிவத்தைக் கேட்காமல் கணினி வாங்கியவர்கள் ஏமாந்த இடம் இது.

பழைய கணினியை வைத்திருப்பவர்கள்

சில ஸ்டுடியோக்களில் மூலையில் ஒரு பழைய கணினி துணி போர்த்தி இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. 2011 ஜூனில் பைனல் கட் புரோ எக்ஸ் வெளியானபோது, முந்தைய பதிப்பில் செய்த தொகுப்புக் கோப்புகளை அதில் நேரடியாகத் திறக்க முடியவில்லை. முந்தைய பதிப்போ 2017-இல் வந்த ஹை சியேரா இயங்குதளத்தில் ஓடவில்லை. பழைய வேலையைத் திறக்கப் பழைய கணினியே தேவைப்பட்டது. அதை இணையத்தில் இணைக்காமல் வைத்திருப்பது பாதுகாப்பு; நிறுத்தப்பட்ட இயங்குதளங்களுக்குத் திருத்தங்கள் வருவதில்லை.

வீட்டு அலமாரிகளில் இருக்கும் மினி டிவி கேசட்டுகளின் நிலையும் இதுதான். அவற்றில் தாத்தா பாட்டியின் அறுபதாம் கல்யாணமும், இன்று இல்லாதவர்களின் குரலும் இருக்கலாம். காந்த நாடா காலப்போக்கில் பழுதாகும். அதற்கு முன் பதிவைத் தரம் குறையாமல் எடுக்க, ஓடும் நிலையில் உள்ள கேமராவும் ஃபயர்வயர் உள்ள கணினியும் வேண்டும். இன்றைய மடிக்கணினிகளில் அந்தத் துளையே கிடையாது. 2025-இல் வெளியான மேக் ஓஎஸ் டஹோ இயங்குதளத்தில் ஃபயர்வயர் ஆதரவும் நீக்கப்பட்டுவிட்டது.