புறம்போக்கு வசவுச் சொல் அல்ல



போன வாரம் பேரன் கைபேசியில் யாரையோ "போடா புறம்போக்கு" என்று திட்டிக்கொண்டிருந்தான். வரலாற்று வாத்தியாருக்குக் கை துறுதுறுத்தது. அடிக்க அல்ல, எழுத!

நீர் பாய்ந்தால் நன்செய், மழையை நம்பினால் புன்செய் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். ராஜராஜன் காலத்தில், கி.பி. 1001 வாக்கில், சோழநாட்டு நிலம் முந்திரிக்கும் கீழே போய் அளக்கப்பட்டது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர் ஊராக மொத்த நிலத்தைச் சொல்வார்கள். அதில் ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு எல்லாம் கழித்து மீதிக்குத்தான் வரி. (சேரி தனி என்பதையும் அதே கல்தான் சொல்கிறது. அதையும் மறைக்காமல் படிக்க வேண்டும்.) வரி இல்லாததால் குளம் வீண் நிலமா? அது இல்லாமல் எந்த நன்செய் விளையும்?

பிரிட்டிஷார் காலத்து ரயத்துவாரிக் கணக்கிலும் இப்படி வரிக்கு வெளியே நின்ற ஏரி, பாதை, மேய்ச்சல் நிலம், மயானம் எல்லாம்தான் புறம்போக்கு. அதாவது ஊருக்கே பொது.

நம் ஊர் மந்தைவெளி ஞாபகம் இருக்கிறதா? நான் மாடு மேய்த்த இடம். பதிவேட்டில் இன்றும் மேய்ச்சல் புறம்போக்கு. நேரில் போனால் கம்பிவேலி. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆலமரத்துக்குக் கிழக்கே ஓர் எல்லைக்கல் இருந்தது. மற்றவை எங்கே இருந்தன என்று நினைவுள்ளவர்கள் கீழே எழுதுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது.