கோர்தோபா: கட்டடங்களும் காட்சியிடங்களும்

ஸ்பெயினின் தெற்கே, ஆந்தலூசியா மாநிலத்தில், குவாதல்கிவீர் ஆற்றங்கரையில் அமைந்துள்ள பழம்பெரும் நகரம் கோர்தோபா. ரோமானியர் ஆட்சியில் பெடிகா மாகாணத்தின் தலைநகராக இருந்தது. மெய்யியலாளர் செனெகா பிறந்த ஊர். 711இல் முஸ்லிம் படைகளிடம் வந்து, சில ஆண்டுகளுக்குள் முஸ்லிம் ஆட்சிப்பகுதியான அல்-அந்தலூஸின் தலைநகரானது. 929இல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் தம்மைக் கலீபாவாக அறிவித்துக்கொண்டபோது மேற்கு ஐரோப்பாவில் இதற்கு இணையான நகரம் இல்லை. 1236இல் காஸ்டில் மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ இதைக் கைப்பற்றினார். பெரிய பள்ளிவாசல் 1984இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. 1994இல் அதைச் சூழ்ந்த பழைய நகரமும் அந்தத் தகுதிக்குள் வந்தது.

இங்கே வென்றவர்கள் தோற்றவர்களின் கட்டடங்களைத் தரைமட்டமாக்குவதைவிட அவற்றிலேயே குடிபுகுந்ததுதான் அதிகம். ஆகவே கோர்தோபாவில் எந்தச் சுவரையும் ஒரே காலத்தியது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பள்ளிவாசல்-பேராலயம்

நகரத்துக்கு ஒரே நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் அதில் பாதியை இந்தக் கட்டடத்துக்குக் கொடுத்துவிடலாம். டமாஸ்கஸிலிருந்து ஆண்ட தம் உமய்யா குடும்பம் கொன்றழிக்கப்பட்டபோது தப்பி வந்து, 756இல் இங்கே ஆட்சியமைத்த முதலாம் அப்துர் ரஹ்மான் 785 வாக்கில் இதைக் கட்டத் தொடங்கினார். அவருடைய கொத்தர்கள் கையில் இருந்தவை பழைய ரோமானிய, விசிகோத் கட்டடங்களிலிருந்து பெயர்த்தெடுத்த தூண்கள். ஒன்று பளிங்கு, ஒன்று கருங்கல்; ஒன்று வழவழப்பு, ஒன்று முறுக்குவரி. உயரமும் ஒன்றுபோல் இல்லை. நீண்ட தூணைத் தரைக்குள் இறக்கினார்கள், குட்டைத் தூணுக்கு அடியிலோ தலையிலோ கல் வைத்து உயர்த்தினார்கள்.

அப்படியும் பெரிய கூடத்துக்கு வேண்டிய உயரம் வரவில்லை. இதற்கு அவர்கள் கண்ட வழி கட்டடக்கலை வரலாற்றில் தனியிடம் பெற்றது. தூணின் போதிகைமேல் இன்னொரு கல் தூணை எழுப்பி, இரண்டு அடுக்காக வளைவுகளை அமைத்தார்கள். கீழடுக்கில் இருப்பது குதிரை லாட வடிவ வளைவு. அது எதையும் தாங்கவில்லை; தூண்கள் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. மேலடுக்கின் அரைவட்ட வளைவுதான் கூரையையும், மழைநீரை வெளியேற்றும் கால்வாய் ஓடும் சுவரையும் சுமக்கிறது. கீழ் வளைவுக்கும் மேல் வளைவுக்கும் நடுவே வெற்றிடம். இவ்வளவு பாரமும் மெலிந்த தூண்களில் நிற்பது முதலில் பார்ப்பவருக்கு நம்ப முடியாததாகவே இருக்கும். மெரிதாவில் உள்ள ரோமானிய நீர்ப்பாலத்தைப் பார்த்து இந்த எண்ணம் பிறந்திருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். இங்குள்ள வளைவுகளைப் போலவே அந்தப் பாலத்திலும் கல்லும் செங்கல்லும் மாறி மாறி வருகின்றன.

பின்வந்த ஆட்சியாளர்கள் கூடத்தை மூன்று முறை விரித்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அப்துர் ரஹ்மானும், 960களில் இரண்டாம் அல்-ஹகமும் தெற்கே, ஆற்றை நோக்கி நீட்டினார்கள். 987 வாக்கில் அல்-மன்சூரின் முறை வந்தபோது தெற்கே நிலம் சரிந்து ஆறு வந்துவிட்டது, மேற்கே அரண்மனை இருந்தது. எனவே கிழக்கே எட்டு அணிகளைச் சேர்த்தார். 11 அணிகள் 19 ஆயின. நடுவில் இருந்த மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடம், ஒரு பக்கமாக ஒதுங்கிப்போனது. இந்த வேறுபாடுகளைக் கண்ணாலேயே பிரித்தறியலாம். முதல் பகுதியில் தூண்கள் பலவகை. அல்-ஹகமின் பகுதியில் எல்லாம் புதிதாகச் செதுக்கியவை. இளஞ்சிவப்பும் கருநீலமும் மாறி மாறி நிற்கும், அடிப்பீடம் கிடையாது. அல்-மன்சூரின் பகுதியில் வளைவின் சிவப்புப் பட்டைகளை நெருங்கிப் பார்த்தால் அவை செங்கல் அல்ல, கல்லின்மேல் பூசிய வண்ணம். பரப்பில் மிகப்பெரிய விரிவாக்கம் இதுதான். வேலைப்பாட்டில் முந்தியவற்றுக்கு ஈடாகாது. இன்று நிற்கும் தூண்கள் 856.

மிஹ்ராப் அல்-ஹகமின் கொடை. பைசாந்தியப் பேரரசர் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து மொசைக் கலைஞரையும் கண்ணாடிச் சில்லுகளையும் அனுப்பிவைத்தார் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பொன்னும் நீலமுமான அந்தச் சில்லுகளில் குர்ஆன் வசனங்கள் பதிக்கப்பட்டுள்ளன. உள்ளறையின் விதானம் ஒரே பளிங்குக் கல்லில் குடைந்த சிப்பி. முகப்பு வளைவைத் தாங்கும் நான்கு சிறு தூண்கள் இரண்டாம் அப்துர் ரஹ்மானின் பழைய மிஹ்ராபிலிருந்து எடுத்து வைக்கப்பட்டவை. முன்னால் உள்ள குவிமாடத்தின் வளைவு விலாக்கள் ஒன்றையொன்று வெட்டி எட்டுமுனை நட்சத்திரமாகின்றன. நிமிர்ந்து பார்க்க மறக்கக் கூடாது.

1236இல் பள்ளிவாசல் பேராலயமாக அர்ப்பணிக்கப்பட்டது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சிறு மாற்றங்களோடு அப்படியே வழிபாடு நடந்தது. 1523இல் ஆயர் அலோன்சோ மன்ரிகே கூடத்தின் நடுவே பெரிய ஆலயம் எழுப்ப முனைந்தார். நகர மன்றம் கொதித்தெழுந்தது. இடிக்கும் வேலைக்குப் போகிறவருக்கு மரண தண்டனை என்றே அறிவித்தது. வழக்கு பேரரசர் ஐந்தாம் கார்லோஸிடம் சென்றது, அவர் ஆயரின் பக்கம் தீர்ப்பளித்தார். பிறகு நேரில் வந்து பார்த்து வருந்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. எர்னான் ரூயிஸ் தொடங்கி, அவர் மகனும் தொடர்ந்த பணி 1607இல் முடிந்தது. பள்ளிவாசலின் நடுப்பகுதி சிதைந்தது உண்மையிலேயே பேரிழப்பு. ஆனால் பேராலயமாக வழிபாட்டில் இருந்ததால்தான் மற்ற பகுதிகள் கூரை ஒழுகாமல், கல் திருடுபோகாமல் இன்றுவரை நிற்கின்றன. அந்த ஆலயத்தையும் முகம் சுளித்துக் கடந்துபோக வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டில் பேத்ரோ துகே கொர்னேஹோ செதுக்கிய மகோகனி இருக்கைகள் ஆந்தலூசிய மரவேலையின் உச்சங்களுள் ஒன்று.

வெளியே ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றம். மரத்துக்கு மரம் தரையில் வெட்டிய சிறு வாய்க்கால் நீர் கொண்டுபோகிறது. முற்றத்தின் ஓரத்தில் உள்ள மணிக்கோபுரத்தின் உயரம் 54 மீட்டர். மூன்றாம் அப்துர் ரஹ்மான் கட்டிய மினாராவைப் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதிய கற்சுவர் போர்த்தி மூடினார்கள். படியேறும்போது உள்ளிருக்கும் பழைய மினாராவின் பகுதிகள் தெரியும். உச்சியில் நிற்பவர் நகரின் காவலராகக் கருதப்படும் தேவதூதர் ரபேல்.

ஆற்றங்கரை

பள்ளிவாசலின் தென்புறம் 16 வளைவுகள் கொண்ட ரோமானியப் பாலம். பெயர் அப்படியிருந்தாலும் ரோமானியர் காலத்தவை என்று சொல்லத்தக்கவை இரண்டு வளைவுகளே. மற்றவை வெள்ளம் அடித்துப்போகும்தோறும் திரும்பக் கட்டியவை. மறுகரையில் காலாஓரா காவற்கோபுரம். பாலத்தின் அருகே அல்போலாபியா நீர்ச்சக்கரம் நிற்கிறது; அரசி இசபெல் அரண்மனையில் தங்கியிருந்தபோது அதன் கிரீச்சொலியில் தூக்கம் கெட்டு அதைக் கழற்றச் சொன்னார் என்பார்கள். இப்போது இருப்பது 20ஆம் நூற்றாண்டில் செய்து வைத்தது.

அந்த அரண்மனை 1328இல் பதினொன்றாம் அல்போன்சோ கட்டிய அல்காசர். கொலம்பஸ் தம் பயணத் திட்டத்தை 1486இல் அரச தம்பதியிடம் எடுத்துரைத்த இடம் இந்த நகரம். பிறகு மதவிசாரணை மன்றமும், வெகுகாலம் சிறையும் அல்காசருக்குள் இயங்கின. கோர்ரெதேரா சதுக்கத்தைத் தோண்டியபோது கிடைத்த ரோமானிய மொசைக் தரைகளைக் கூடத்தின் சுவர்களில் பதித்திருக்கிறார்கள்.

யூதர் தெருக்கள்

பள்ளிவாசலுக்கு வடமேற்கே, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். அங்கே 1315இல் இசாக் மோஹெப் கட்டிய யூதத் தொழுகைக் கூடம் உள்ளது. ஸ்பெயினில் இடைக்காலத்திலிருந்து எஞ்சியவை மிகச் சிலவே. ஆந்தலூசியாவில் இதுபோல் நல்ல நிலையில் தப்பியது வேறில்லை. ஒரு வீட்டின் கூடத்தைவிட அதிகம் பெரிதல்ல. சுவரெங்கும் சுதை வேலைப்பாடு, அதன் நடுவே எபிரேய எழுத்து வரிகள். 1492இல் யூதர்கள் நாடு கடத்தப்பட்டபின் வெறிநாய்க்கடி நோயாளிகளின் மருத்துவமனையாகவும், பின்னர் காலணி தைப்போர் சங்கத்தின் சிற்றாலயமாகவும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தபோதுதான் எழுத்துகள் வெளிப்பட்டன. 1885இல் தேசிய நினைவுச்சின்னமானது. பக்கத்துச் சதுக்கத்தில் இவ்வூரில் பிறந்த யூத மெய்யியலாளர் மைமோனிடஸின் சிலை இருக்கிறது. முஸ்லிம் மெய்யியலாளர் இப்னு ருஷ்தும் இந்த ஊர்க்காரரே.

முற்றங்கள்

கோடையில் 40 பாகையைத் தாண்டும் ஊர் இது. அதனால் வீட்டுக்கு நடுவே முற்றம், அதில் கிணறு அல்லது நீரூற்று, கூழாங்கல் பாவிய தரை, சுண்ணாம்படித்த சுவர் முழுக்கத் தொட்டிச் செடிகள். உயரத்தில் தொங்கும் தொட்டிகளுக்கு நீண்ட கழியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி நீர் ஊற்றுவது இங்குள்ளோர் வழக்கம். மே மாத முற்றப் போட்டி 1921இல் தொடங்கியது. 2012இல் இவ்விழா யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மே மாதத்தில் வர இயலாதவர்கள் 12 முற்றங்கள் கொண்ட வியானா அரண்மனைக்குப் போகலாம்.

மதீனத் அஸ்-ஸஹ்ரா

நகருக்கு மேற்கே சுமார் 8 கிலோமீட்டரில், மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936 வாக்கில் கட்டத் தொடங்கிய அரண்மனை நகரம். மலைச்சரிவில் மூன்று தளங்களாக இறங்குகிறது. நூறாண்டுகூட வாழவில்லை; 1010ஐ ஒட்டிய உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டது. அதன்பின் யாரும் குடியேறாததால் பல நூற்றாண்டுகள் சுற்றுவட்டாரத்தினர் தூணும் கல்லும் அள்ளிச்செல்லும் இடமாயிற்று. பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு இங்கே வருபவருக்கு இரண்டின் விதியும் எவ்வளவு வேறு என்பது விளங்கும். 1911இல் ரிக்கார்தோ வெலாஸ்கேஸ் போஸ்கோ அகழாய்வைத் தொடங்கினார். பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவே வெளிப்பட்டுள்ளது. கலீபா தூதர்களை வரவேற்ற கூடத்தில், உடைந்து சிதறிய கற்செதுக்குகளைத் துண்டு துண்டாகப் பொருத்தும் பணி பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. 2018இல் இதுவும் உலக மரபுச் சின்னமானது. அடிவாரத்து அருங்காட்சியகத்தின் பெரும்பகுதி நிலத்துக்குக் கீழே, இடிபாடுகளின் காட்சியை மறைக்காதபடி கட்டப்பட்டது. 2010இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. அதை முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து புறப்படும் பேருந்தில் மேலே போவது நல்லது.